எட்டு போல்ட்

"சீஃப், இந்தக் குழாயைக் கழட்டுங்க. உள்ளே பார்க்கணும்."

என்ன வேண்டுமானாலும் கேள், குழாயைக் கழற்றச் சொல்லி மட்டும் கேட்காதே என்று கப்பலில் ஏறும் முன்பே ஆபீஸில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டுவிட்டாள்.

தலைமை இன்ஜினியர் அசரவில்லை. இன்ஜின் அறைச் சூட்டில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மேடம், முதல்ல காபி குடிங்க. குழாய் எங்க ஓடிப் போகுது?"

இரண்டாம் இன்ஜினியர் தட்டோடு வந்தார். பிஸ்கட்டைப் பூ மாதிரி அடுக்கியிருந்தார்.

"காபி ஆறட்டும். இது என்ன குழாய்?"

"சும்மா கிடக்குது மேடம். பழசு. ஒண்ணுத்துக்கும் உதவாது."

"உதவாத குழாய்க்கு எட்டு போல்ட்டும் ஏன் பளபளன்னு இருக்கு? பக்கத்துக் குழாயெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. இதுல மட்டும் ஸ்பேனர் போட்ட தடம்."

"அது... அழகுக்கு மேடம்," என்றார் இரண்டாம் இன்ஜினியர்.

சீஃப் முறைத்தார். "உன்னை வாயைத் திறக்காதேன்னு எத்தனை தடவைய்யா சொல்றது? பிஸ்கட்டைப் பிடி, போதும்."

கப்பலின் அடித்தட்டில் சேரும் எண்ணெய்க் கழிவுநீரை, எண்ணெய் பிரிக்கும் மெஷின் வழியாகத்தான் கடலில் விட வேண்டும். பத்து லட்சம் பங்கு நீரில் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. இது சட்டம். மெஷினைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போகும் கள்ளக் குழாய் ஒன்று இருந்தால், சட்டமும் அதன் வழியே கடலுக்குப் போய்விடும்.

குழாய் திறந்தால் கப்பல் இன்று கிளம்பாது, சீஃபின் லைசென்ஸும் போகும். அவள் வாய் திறந்தால் அவள் வேலை போகும். சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது. அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா இந்த நேரத்துக்கு வலையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். எந்தக் கப்பல்காரன் விட்டது என்று தெரியாததால், எல்லாரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டு.

"எண்ணெய்ப் பதிவேட்டைக் கொடுங்க."

சீஃப் இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார். முத்து முத்தான எழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

"செவ்வாய்க்கிழமை மெஷின் நாலு மணி நேரம் ஓடிச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஓடிச்சு மேடம். குதிரை மாதிரி."

"அன்னிக்குப் பூரா அதோட மோட்டார் பட்டறை மேசையில கிடந்துச்சு. காலே இல்லாம ஓடுற குதிரையா?"

தட்டு சாய்ந்தது. பிஸ்கட் ஒன்று உருண்டுபோய்க் குழாயடியில் படுத்துக்கொண்டது.

சீஃப் வயிறு குலுங்கச் சிரித்தார், கையைத் தட்டினார்.

"அடேங்கப்பா, என்னமா நடிக்கிறே! ஆனா ஒத்திகைன்னாலும் ஒரு நியாயம் வேணாமாம்மா? பத்து மணிக்கு வர்ற இன்ஸ்பெக்டர் இதைக் கேக்கவே மாட்டாரு. மோட்டாரைக் கழட்டி மேசையில தூக்கி வச்சது நீயும் நானும்தானே? அவருக்கு எப்படித் தெரியும்?"

வேஷத்துக்காக அவர் இரவல் கொடுத்திருந்த வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள் அந்தப் பயிற்சி இன்ஜினியர். எட்டு போல்ட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனரை எடுத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டாள்.

"அதான் சீஃப், அவர்கிட்ட சொல்லிக் கூட்டிட்டு வரப் போறேன்," என்று படியேறினாள்.