ஸ்தோத்திரம் சொன்னவள்

"ஜெரூஷா, இனிமே வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் நம்ம வீட்ல கிடையாது. எல்லாருக்கும் சொல்லிடு!"

போனை சோபாவில் விட்டெறிந்தார் அசரியா. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏன்? போன்ல யாரு?"

"கோகிலவாணி. ஜோஸ்வின் நித்திரை அடைஞ்சிட்டானாம்."

"ஐயோ ஆண்டவரே!" ஜெரூஷா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சபையில் யாராவது இறந்துபோனால் 'நித்திரை அடைந்தார்' என்றுதான் சொல்வார்கள்.

ஜோஸ்வின், அசரியா கைபிடித்து ஞாயிறு பள்ளிக்கு அழைத்துப்போன பிள்ளை. போன வாரம் வயிற்றில் ஆபரேஷன் ஆகி, 'வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க' என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா என்ன? வலியில் அவன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. இதே ஹாலில் எத்தனை பேர் முழங்கால் போட்டு அவனுக்காக அழுதார்கள்!

"வலியிலருந்து விடுதலை கொடும்னு கேட்டோம். இப்படியா கொடுக்கிறது?" அசரியாவின் குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அவரு நித்திரை அடைஞ்சிட்டாரு அண்ணா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்'ங்குது. அழுதுகிட்டே சிரிக்குது!"

"இந்த நேரத்துல ஸ்தோத்திரமா? எனக்கெல்லாம் வராதுங்க."

அசரியாவுக்கும் வராது. பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறவர் அவர். கோகிலவாணியோ ஜோஸ்வினைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அப்புறம் சபைக்கு வந்தவள். வந்த வேகத்தில் வேதப் புத்தகத்துத் தமிழ் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. "போஜனம் பண்ணிட்டீங்களா அண்ணா?" என்று கேட்பாள். வாலிபப் பசங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நேற்று வந்த அவளுக்கு இருக்கும் விசுவாசம் தனக்கு இல்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆண்டவர் மேல் கோபமாக இருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் பெரிய மலர்வளையமாக ஒன்று வாங்கி, ஸ்கூட்டரில் ஜெரூஷா மடியில் வைத்துக்கொண்டாள். பொத்தேரி நெரிசலில் வண்டி நின்றபோது அசரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்ட போய் என்னன்னு ஆறுதல் சொல்றது ஜெரூ? எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு."

காட்டாங்குளத்தூரில் அந்த வீட்டு வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. பாவம், சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்லை போலிருக்கிறது. கதவைத் திறந்த கோகிலவாணியின் கண் வீங்கியிருந்தது. முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

அசரியாவால் தாங்க முடியவில்லை.

"ஜோஸ்வின்! என் ராசா! எங்களை விட்டுட்டுப்..."

"ஷ்ஷ்! அண்ணா, மெதுவா!" பதறிப்போய் வாயில் விரல் வைத்தாள் அவள். "வலியில ராத்திரி பகலா கண்ணே மூடலை. டாக்டர் மாத்திரையை மாத்திக் கொடுத்தாரு, வலி நின்னு இப்பதான் நித்திரை அடைஞ்சிருக்காரு. எழுப்பிடாதீங்க!"

உள் அறையிலிருந்து, மரம் அறுப்பதுபோல் ஜோஸ்வினின் குறட்டைச் சத்தம் வந்தது.

அசரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்!" என்றார்.

"அக்கா, முதுகுக்குப் பின்னாடி என்ன, இவ்வளவு பெரிய பூ?" என்று எட்டிப் பார்த்தாள் கோகிலவாணி.

ஜெரூஷா திருதிருவென்று விழித்தாள். அசரியா சட்டென்று முந்திக்கொண்டார்.

"அதும்மா... வியாழக்கிழமை நம்ம வீட்ல ஜெபக்கூட்டம் இல்லையா, அலங்காரத்துக்கு!"