எதிர் ஜன்னல் செடி

"திருப்பிட்டா! பாரு, மறுபடியும் திருப்பி வெச்சுட்டா!"

சமையல்காரப் பெண் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "இந்த டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்கல டீச்சர். யாரு, எதைத் திருப்பிட்டாங்க?"

கட்டிலில் கிடந்த டீச்சர், தெருவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மாடி ஜன்னலைக் காட்டினாள். அங்கே ஒரு பூந்தொட்டி. ஒல்லித் தண்டு, உச்சியில் கொத்தாக நாலு இலை. நேற்றுவரை தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செடி, இன்று முதுகைக் காட்டி நின்றது.

"வாரா வாரம் இதே கூத்து. அது பாடுபட்டு என் பக்கம் திரும்பும். உடனே தொட்டியையே திருப்பிடுவா, மகராசி!"

"உங்களைப் பார்க்கவா திரும்புது? வெளிச்சத்துக்குத் திரும்புதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நிழல் பக்கம் தண்டு கூடுதலா வளரும், அதனால வெளிச்சத்துப் பக்கம் வளையும்னு காலமெல்லாம் பாடம் நடத்தினவதான்." டீச்சரின் குரல் இறங்கியது. "இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்ததிலேர்ந்து என்னை எட்டிப் பார்த்தது அது ஒண்ணுதான்."

"அப்போ நான் யாராம்?"

"நீ அடுப்பை எட்டிப் பார்க்கறவ. போய்க் கேளேன், இனிமே திருப்ப வேண்டாம்னு. சாயங்காலமானா அந்த வீட்டுல ஒரே பேச்சும் சிரிப்புமா கிடக்கு. அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல இந்த ஒரு செடி அவளுக்கு எதுக்கு?"

போனவள் வர நேரமாயிற்று. டீச்சர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி அசையவில்லை.

"என்ன சொன்னா?"

"மாட்டாங்களாம்." அவள் வாசல்நிலையிலேயே நின்றாள். "வாரத்துல ரெண்டு மூணு நாளாவது அது என் பக்கம் பார்க்கட்டுமேங்கறாங்க. எதிர்வீட்டுல எந்நேரமும் ஆள் பேச்சு கேக்குது, அவ்வளவு பேர் கூட இருக்கறப்போ உங்க டீச்சருக்கு என் செடியும் வேணுமான்னு கேக்கறாங்க."

"இங்கேயா? இங்கே பேச யாரு இருக்கா?"

அவள் மூலையில் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தாள்.

"அங்கேயும் பெரிய டிவிதான் டீச்சர். சமையல்கட்டுல ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர்."