நட்சத்திரத்தைத் தேய்த்த காசு

கண்டக்டரின் பைக்குள் புது ஐந்து ரூபாய்க் காசு ஒன்று வந்து விழுந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த, நட்சத்திரக் குறி போட்ட காசும் வைரக் குறி போட்ட காசும் அதன் வருஷத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தன. அங்கே ஒன்றுமே இல்லை.

"எங்களுக்கெல்லாம் அச்சடிச்ச ஊரோட குறி இருக்கு. உனக்கு ஏண்டா இல்ல? ஊர் பேர் தெரியாதவனா நீ?" என்றது நட்சத்திரம்.

"முதன்முதல்ல காசு அடிச்சதே எங்க ஊர்லதான். அப்போ வேற ஊரே கிடையாது. யாருக்குக் குறி போட்டுக் காட்டணும்?" என்றது புதுக்காசு.

வைரம் உடனே நகர்ந்து இடம் கொடுத்தது. "நல்லா சாய்ஞ்சு உட்காருங்க ஐயா."

நட்சத்திரத்துக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் பையின் இரும்பு ஜிப்பில் உரசிக்கொண்டே கிடந்தது. குறி போயிற்று. கூடவே வருஷமும் போயிற்று, ஐந்து என்ற எண்ணில் பாதியும் போயிற்று.

கண்டக்டர் அதை எடுத்து ஒரு பயணியிடம் நீட்டினார். "இது செல்லாதுங்க, வேற குடுங்க." அடுத்தவரும் அதையே சொன்னார். கண்டக்டர் அலுத்துப்போய் அதைப் பைக்குள்ளேயே போட்டார்.

"ஏன் திரும்பி வந்துட்ட?" என்று கேட்டது வைரம்.

"பெரிய குடும்பத்துக் காசாச்சே! கை நீட்டி வாங்க ஜனங்களுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றது நட்சத்திரம்.

வைரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல ஜிப் பக்கம் நகர்ந்தது.