செவலை என்றொரு கார்

புது ஸ்போர்ட்ஸ் காரின் மேல் கிடந்த துணியை உருவிவிட்டு, மைக் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் முதலாளி.

"இந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச எங்கப்பா ஒரு நாய் வளர்த்தார். பேரு செவலை. அவர் செஞ்ச முதல் ரேஸ் காரோட போட்டி போட்டு ஓடுமாம். என்னை மடியில உக்கார வெச்சுத்தான் அந்தக் கதையைச் சொல்வார். அதான் இந்தக் காருக்கும் அதே பேரு."

கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பேர்க்காரருக்கு மட்டும் கை எழவில்லை.

ஆபீஸில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கார்களுக்குப் பெயர் வைப்பது அவர் உத்தியோகம். பேரைக் கேட்டாலே கம்பெனியின் பாரம்பரியம் மணக்க வேண்டும் என்பது உத்தரவு. பழைய பெட்டிகளைக் குடைந்தால் எஞ்சின் வரைபடங்களைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. மனுஷன் என்ன செய்வார்? ஏழு கார்களுக்கு ஏழு கதை அவரே கட்டிவிட்டார். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் ஜென்மத்தில் நாய் வளர்த்ததில்லை.

நான் புளுகினேன், சரி, வயிற்றுப்பிழைப்பு. இந்த முதலாளி வாய் கூசாமல் மடியில் உட்கார்ந்து கேட்டேன் என்கிறாரே. அழுகை வேறு. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது பேர்க்காரருக்கு.

மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தை முதலாளியின் மேஜை மேல் வைத்தார்.

"என்ன இது?"

"முடியல சார். செவலைன்னு ஒரு நாயே கிடையாது. எல்லாம் நான் கட்டின கதை. அலுத்துப்போச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"அப்பாவுக்கு நாய்ன்னாலே ஆகாது. பக்கத்துல அண்டவிட மாட்டார்."

"தெரிஞ்சுமா சார் மேடையில அழுதீங்க?" கேட்டேவிட்டார். வேலைதான் போகப்போகிறதே, இனி என்ன பயம்.

முதலாளி கடிதத்தைப் படிக்காமலே மடித்தார்.

"என்னையும் அண்டவிட மாட்டார். பட்டறைக்குள்ள எட்டிப் பார்த்தா, 'வேலை கெடுது, போ'ம்பார். கண்ணை மூடற வரைக்கும் சேர்ந்தாப்பல பத்து வார்த்தை என்கிட்ட பேசினதில்ல. நீங்க எழுதற அப்பாதான் சிரிக்கிறார். நாயைத் தடவிக் கொடுக்கறார்."



கடிதத்தைப் பேர்க்காரர் பக்கமே தள்ளினார் முதலாளி.

"அடுத்த கார் கதையில, அவர் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி எழுதறீங்களா?"