கடைசி நாள் 04/05

"ஒரு தேதியை ஒழுங்கா போடத் தெரியலை. இவங்கதான் நமக்குச் செய்திமடல் ஆசிரியர்!"

இயக்குநர் ஸ்டூவர்ட் மடிக்கணினியை மற்ற இருவரும் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

அறையில் மொத்தமே மூன்று பேர்தான். ஸ்டூவர்ட், மார்லீன், மிரேய். பல நாட்டுத் தடுப்பூசி ஆய்வுக்கூடங்களை இணைக்கும் அமைப்பின் மான்ட்ரியல் அலுவலகம் அவ்வளவு சிறியது. எங்கே பயிற்சி, யாருக்கு உதவித்தொகை என்பதெல்லாம் இங்கிருந்து போகும் மாதச் செய்திமடலில்தான் வரும். அதைப் பல வருஷமாகத் தயாரிப்பவர் மார்லீன்.

திரையில் மார்ச் மாத மடல். தடுப்பூசி ஆய்வில் இறங்கியிருக்கும் இளையவர் ஒருவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி. விண்ணப்பிக்கக் கடைசி நாள்: 04/05.

"நான் சொன்னது ஏப்ரல் அஞ்சு. அதோட கணக்கை முடிச்சாச்சு. பாஸ்டன், டொரன்டோன்னு நல்ல இடத்துலேர்ந்து வந்தது. ஒருத்தரை மனசுல வெச்சும் ஆச்சு. இப்ப பாருங்க, மே மாசம் பொறந்ததும் மழை மாதிரி கொட்டுது. நேபாளம், பொலிவியா, மலாவி..."

"எங்க ஊர்ல அது மே நாலுதான்," என்றாள் மிரேய். பிரெஞ்சு பேசும் கியூபெக்காரி. "நாங்க நாளைத்தான் முதல்ல எழுதுவோம்."

"எங்க ஊர்ல மாசம்தான் முதல்ல." ஸ்டூவர்ட் ஆங்கிலம் பேசும் கால்கரியிலிருந்து வந்தவர்.

"அதான் தெரியுமே! போன வருஷம் ஆபீஸ் பிக்னிக்குக்கு 06/07னு போட்டீங்க. ஜூலை ஆறாம் தேதி ஒரு வாளி உருளைக்கிழங்கு சாலடோட பார்க்ல தனியா நின்னேன். அணில் மட்டும் வந்துச்சு."

மார்லீன் சிரித்துவிட்டார். ஸ்டூவர்ட் சிரிக்கவில்லை.

"அதுக்கப்புறம் மாசத்தை எழுத்துலதான் போடணும்னு சட்டம் கொண்டு வந்ததே இவங்கதானே. நான் ஒரு காற்புள்ளி விட்டாக்கூட ஆளை அனுப்பித் தேடுவாங்க. இப்ப இவங்களே..." என்றார்.

"கவனிக்கலை," என்றார் மார்லீன். "தப்புதான்."

தொலைபேசி அடித்தது. மிரேய் எல்லோருக்கும் கேட்கும்படி அதை நடுவில் வைத்தாள்.

"மேடம், மலாவியிலேர்ந்து சிசோமோ பிரி பேசறேன். தாமதமா வந்திருக்குன்னு உங்க பதில் வந்தது. நான் ரெண்டாம் தேதியே அனுப்பிட்டேனே?"

ஸ்டூவர்ட் முன்னால் சாய்ந்தார். "கடைசி நாள் ஏப்ரல் அஞ்சும்மா."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஏப்ரலா? மடல் வந்ததே மார்ச் கடைசியில சார். ஒரு வாரத்துல எங்க டீனைப் பார்க்கவே முடியாது. அவர் கையெழுத்துப் போட்டதும் அமைச்சகத்துக்குப் போகணும். அங்க ஒருத்தர் லீவுல இருப்பார்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ஏப்ரல்னு தெரிஞ்சிருந்தா எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிடும் சார்."

"திரும்பக் கூப்பிடறோம்," என்று ஸ்டூவர்ட் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு வாரம் தாராளம்," என்றார், யாரையும் பார்க்காமல். "வேணுங்கிறவங்க ஓடி வருவாங்க. பாஸ்டன்காரன் மறுநாளே அனுப்பலையா?"

"அவனுக்கு நீங்க பிப்ரவரியிலேயே போன்ல சொல்லிட்டீங்களே," என்றாள் மிரேய்.

"பேச்சுவாக்குல வந்தது."

ஸ்டூவர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம விதி என்ன சொல்லுது?"

"அறிவிப்புல குழப்பம் இருந்தா, அது நம்ம தப்பு. விண்ணப்பிச்சவங்களுக்குச் சாதகமாத்தான் எடுத்துக்கணும்," என்றாள் மிரேய்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். மறுபடி முதல்லேர்ந்து."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, எடுத்துக்க. அவங்க மேல என்ன குத்தம்? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடு." பிறகு மார்லீன் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "ஆனா மேலிடத்துக்கு நான் ஏதாவது பதில் சொல்லியாகணும் மார்லீன். செய்திமடலை இனிமே மிரேய் பார்க்கட்டும்."

மார்லீன் தலையசைத்தார்.

தன் மேஜைக்கு வந்ததும் மிரேய் மலாவிக்குப் பேசினாள். அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எதிரே மார்லீன் தன் செய்திமடல் மேஜையை அவளுக்காகக் காலி செய்துகொண்டிருந்தார். தேநீர்க் கோப்பை, கம்பளிச் சட்டை, வாடிப்போன ஒரு செடி.

"ஒரேயடியா பிடுங்கிட்டாரே," என்றாள் மிரேய். "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. யாருக்கும் வர்ற தப்புதானே."

"விடு. நீ நல்லா செய்வே. பேர்களை ரெண்டு தடவை சரிபாரு. தென் அமெரிக்காக்காரங்களுக்கு ரெண்டு குடும்பப் பேர் இருக்கும், ஒண்ணை விட்டா மனசு கஷ்டப்படும். படத்துல யாரையும் வெட்டாதே."

"தேதி?"

"மாசத்தை எப்பவும் எழுத்துல எழுது."

"அதை வேற சொல்லணுமா! இனிமே ஜென்மத்துக்கும் எழுத்துலதான்."

மார்லீன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். கதவு வரை போனவர் நின்று, ஸ்டூவர்ட்டின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"மறுபடியும் அவர் ஒரு வாரம்தான் குடுத்தார்னா..."

"குடுத்தார்னா?"

"அப்ப மட்டும் எண்ணுல எழுது."