உருண்டையின் கடைசி இதழ்

உருண்டையில் அதிகாரியம்மாவின் ஊர் இல்லை.

அச்சான தாளில் இருக்கிறது. அதே தாளை ஒட்டிச் செய்த பூகோள உருண்டையில் இல்லை. பட்டறை முதலாளி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

வந்திருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய கண்டத்து நாடுகள் பல சேர்ந்து, தங்கள் பள்ளிகளுக்கு உருண்டை வாங்க அனுப்பிய குழுவின் தலைவி. அவர் தலையாட்டினால் பட்டறைக்கு வருஷக்கணக்கில் வேலை. உதட்டைப் பிதுக்கினால் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். உள்ளூரில் இப்போதெல்லாம் உலகம் செல்போனிலேயே கிடைத்துவிடுகிறது.

அதிகாரியம்மா ஒரு மஞ்சள் நிலத்தில் விரலை ஊன்றினார்.

"இங்க ஒரு ஆறு ஓடணும். கடல் மாதிரி அகலம். இந்தக் கரையில ஒரு பாஷை, அந்தக் கரையில வேற பாஷை. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியே மூணு தலைமுறை ஆச்சு. நீங்க ரெண்டு கரையையும் சேர்த்து ஒட்டி வெச்சிருக்கீங்க."

"ஒத்துமையா இருக்கட்டுமேம்மா..." என்று இழுத்தார் முதலாளி.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. உருண்டையை வைத்து விற்கும் அட்டைப்பெட்டியைத் திருப்பினார். அந்தக் கண்டத்துக்கு அடையாளமாக அதில் ஒரு ஒட்டகம் நின்றது.

"எங்க ஊர்ல பாதி வருஷம் பனி. ஒட்டகத்தை நானும் உங்க பெட்டியிலதான் பாக்கறேன். காலையில வரேன், எங்க ஊரு இருக்கிற உருண்டையா ஒண்ணு காட்டுங்க."

அவர் போனதும், ஒட்டும் அறையிலிருந்து முதலாளியின் மனைவி கையெல்லாம் பசையோடு எட்டிப் பார்த்தாள். ஒட்டுவது அவள், விற்பது அவர்.

விஷயம் இதுதான். பந்தின் மேல் தாளை அப்படியே போர்த்தினால் சுருங்கும். அதனால் உலகத்தை, நடுவில் பருத்து இரு முனையிலும் கூர்ந்த பன்னிரண்டு இதழ்களாக அச்சடித்து, ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றி ஒட்டுவார்கள். பசை பட்டதும் தாள் ஊறி விரியும். ஓர் இதழுக்கு ஒரு நூல் அளவுதான். பன்னிரண்டு நூலும் சேர்ந்தால் ஒரு விரல் அகலம். கடைசி இதழ் அந்த அளவுக்கு முதல் இதழின் மேல் ஏறித்தான் உட்காரும். அடியில் அகப்பட்டது போச்சு.

இதழைக் கொஞ்சம் சிறிதாக வெட்டலாமே என்றால், வெயில் நாளில் இடைவெளி விட்டு உள்ளே இருக்கும் அட்டை பல்லிளிக்கும். ஆகவே ஏற்றத்தைத் தவிர்க்க முடியாது. எங்கே வரும் என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். எங்கே ஒட்டத் தொடங்குகிறோமோ, சுற்றி வந்து அங்கேதான் முடியும்.

"பெரிய கடல்ல முடிக்கிறேன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? அங்க உங்கப்பா பேரு அச்சாகியிருக்கு, ஒரு எழுத்து மறைஞ்சாலும் அவரு ஆவியா பசை வாளியில வந்து நிப்பாருன்னீங்க," என்றாள் மனைவி.

"சின்னக் கடல்ல அளவுகோல் இருக்கே, நான் என்ன பண்ண?"

சொந்த நாட்டின் மேல் முடிக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. உருண்டை வாங்குகிறவன் முதலில் தேடுவது தன் வீட்டைத்தான். மிச்சம் இருந்தது அந்தக் கண்டம். அத்தனை பெரிய இடத்தில் ஒரு விரல் போனால் யாருக்குத் தெரியும் என்று முதலாளியின் அப்பா முடிவு செய்தார். அந்த ஒரு விரலை ரயிலில் கடக்க நாள்கணக்கில் ஆகும் என்பதும், வழியெல்லாம் சந்தைகளும் பாஷைகளும் தாலாட்டுகளும் இருக்கின்றன என்பதும் பட்டறைக்கு எட்டாத சமாச்சாரங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் மை. உள்ளூரில் வாங்கிய ஒருவரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

"அவங்க கண்டத்துலயே கொஞ்சம் தள்ளி முடிச்சா?"

"அங்கயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அந்த வாத்தியார் அவரு ஊரைத் தேடுவாருங்க."

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி விரலில் காய்ந்த பசையை உரித்தபடி, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இந்த உருண்டையெல்லாம் எங்க போகுது?"

"அங்கதான்."

"அங்க நம்மள யாருங்க தேடப் போறா?"

முதலாளி நிமிர்ந்தார். உருண்டையை மெல்ல மறுபக்கம் திருப்பினார். ஓரிடத்தில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்குங்க," என்றாள் மனைவி. "வரி கேட்டு எவனும் வரமாட்டான்."

காலையில் அதிகாரியம்மா வந்து புது உருண்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆறு இருந்தது. கரைகள் இரண்டும் பழையபடி முகம் கொடுக்காமல் தள்ளி நின்றன. தன் ஊரைத் தொட்டுப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். பிறகு உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது நிற்பதற்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பட்டறையில் இரண்டு விதமாக ஒட்டுகிறார்கள். இங்கே விற்கும் உருண்டையில் கடைசி இதழ் அந்தக் கண்டத்தின் மேல் முடியும். அங்கே போகும் உருண்டையில் நம் நாட்டின் மேல் முடியும். நம் நாடு சிறியது. ஒரு விரல் அகலத்துக்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது.