ரிப்பன் கட்டிய சைக்கிள்

எனக்கு வலி எடுத்தபோது புது சைக்கிள் ஆம்புலன்ஸ் எதிரே மாமரத்தடியில்தான் நின்றது. சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

தலைநகர் லிலோங்வேயிலிருந்து வரும் விருந்தாளிதான் அதை வெட்ட வேண்டுமாம். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்த வயிற்றோடு நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். வீட்டிலேயே பெற்றுக்கொள்ளவும் வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே பிள்ளை பெற்றால் ஓர் ஆடு அபராதம் என்று ஊர்த்தலைவர் சிமோம்போ சட்டம் போட்டிருக்கிறார். தாய்மார்கள் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

எங்களிடம் இருந்ததே ஓர் ஆடுதான்.

என் நாத்தனார் ஃபாலெஸி அவரிடம் ஓடினாள். "ஐயா, எங்க அண்ணிக்கு வலி எடுத்துருச்சு. வண்டியக் குடுங்க."

தலைவர் என் வயிற்றைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லதாப் போச்சு! நோயாளியா நடிக்க ஆளில்லாமத் தவிச்சுக்கிட்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்துக்கம்மா. போட்டோ எடுத்ததும் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

நான் பொறுத்துக்கொண்டேன். வயிற்றில் இருந்த பிள்ளைக்குத்தான் தலைவரின் அருமை தெரியவில்லை.

ஜீப் வந்தது. பெண்கள் பாடி ஆடினார்கள். தலைவர் பேசினார். விருந்தாளி பேசினார். தலைவர் மறுபடியும் பேசினார். ஒருவழியாக ரிப்பனை வெட்டி, என்னைத் தூக்கி, சைக்கிளுக்குப் பின்னால் கோத்திருந்த மெத்தை வண்டியில் படுக்க வைத்தார்கள்.

நான் அலறினேன். கூட்டம் கைதட்டியது. விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன நடிப்பு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வியந்தார்.

தலைவரின் தங்கை மகன் லாமெக்தான் சைக்கிளை மிதித்தான். ஆற்றுப் பக்கம் திருப்புவான் என்று நம்பினேன். திடலை ஒரு சுற்று சுற்றிக் கேமராவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான்.

வெயில் சரியாக விழவில்லையாம். இன்னொரு சுற்று போகச் சொன்னார்கள்.

அந்தச் சுற்று முடியவில்லை. சோளக் குதிர் பக்கம் வரும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. லாமெக் பதறிப்போனான். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

"எறங்குக்கா! மெத்தை புதுசு. கறை பட்டா மாமா என்னைக் கொன்னுடுவாரு!"

குதிருக்குப் பின்னால், ஃபாலெஸி இடுப்பிலிருந்து அவிழ்த்து விரித்த துணிமேல் என் மகள் பிறந்தாள்.

தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். ஆணா, பெண்ணா என்று கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வெளிய பொறந்திருக்கு" என்றார்.

சாயங்காலம் விருந்து தடபுடலாக நடந்தது. விருந்தாளி என்னை மறக்கவில்லை. நன்றாக நடித்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு தட்டு அனுப்பச் சொன்னாராம். சோளக் களியும் கறிக்குழம்புமாக லாமெக் கொண்டுவந்து வைத்தான்.

கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. காலையில் அதற்குத் தழை ஒடித்துப் போட்டவள் நான்தான்.